பாரம் வேறு, பதற்றம் வேறு



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாகட்டும்.

அன்பிற்குரிய சகோதரர்களே! வீட்டிலிருந்து இதைப் படிக்கும் சகோதரிகளே!

அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து கழுத்தில் அடையாள அட்டையோடு ஜும்ஆவுக்கு ஓடி வரும் ஒருவரிடம் "எப்படி இருக்கீங்க பாய்?" என்று கேட்டுப் பாருங்கள். "அல்ஹம்துலில்லாஹ்" என்பார். அடுத்த மூச்சில் "கொஞ்சம் டென்ஷன் ஹஜ்ரத்" என்பார். சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டிய சரக்கு முடியவில்லை என்றாலும் டென்ஷன்தான். ஒரு குறையும் இல்லாத நாளில் காரணமே தெரியாமல் நெஞ்சு படபடத்தாலும் டென்ஷன்தான். இரண்டுக்கும் நம்மிடம் இருப்பது ஒரே சொல். அதனால் இரண்டுக்கும் நாம் சொல்லும் பதிலும் ஒன்றாகிவிட்டது: "பொறுமையா இருங்க, தொழுங்க, எல்லாம் சரியாகும்."

மருத்துவர்கள் முதலாவதை மன அழுத்தம் என்கிறார்கள், இரண்டாவதை மனப்பதற்றம் என்கிறார்கள். பெயரில் என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் நாம் ஒருவருக்கொருவர் அநியாயம் செய்கிறோம். நானும் செய்திருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நமக்கெல்லாம் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம். பூந்தமல்லிக்காரர்களுக்கு 2015 டிசம்பர் 1-ஐ யாரும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. பக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரி. முழு ஆழம் 24 அடி. அன்று விடாமல் கொட்டிய மழையில் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. அது அடையாற்றில் சேர்ந்து, கரையோர ஊர்களை முக்கிக்கொண்டு சென்னைக்குள் போனது. இந்தப் பக்கம் கொரட்டூரிலும் அம்பத்தூர் எஸ்டேட்டிலும் தண்ணீர் புகுந்தது. மெஷின்கள் மூழ்கின. பள்ளிவாசல்கள் பலவற்றைத் திறந்துவிட்டோம். எந்த மதத்தவர் என்று கேட்காமல் மக்கள் தங்கினார்கள், சாப்பிட்டார்கள்.

அன்று இடுப்பளவு தண்ணீரில் நின்றவர்களிடம் "பயமாக இருந்ததா?" என்று பிறகு கேட்டிருக்கிறேன். பலர் சொன்னது ஒன்றுதான்: "பயப்பட எங்க நேரம் இருந்துச்சு ஹஜ்ரத்?" வயதான அம்மாவைத் தோளில் தூக்க வேண்டும். சிலிண்டரைப் பரணில் ஏற்ற வேண்டும். பிள்ளைகளின் சர்ட்டிபிகேட் பையைத் தேட வேண்டும். கண்ணெதிரே ஒரு பாரம் இருந்தது, கைக்கு வேலை இருந்தது. உடம்பு தன்னிடம் இருந்த சக்தியை எல்லாம் எடுத்துக் கொடுத்தது. தண்ணீர் வடிந்தது. சேற்றைக் கழுவினார்கள், கெட்டுப்போன பிரிட்ஜைத் தெருவில் போட்டார்கள், கடன் வாங்கினார்கள். சில மாதங்களில் மூச்சு சீரானது. இதுதான் அழுத்தம். அதற்கு விலாசம் உண்டு. இன்ன இடத்தில் இன்ன சுமை என்று காட்ட முடியும். சுமையை இறக்கினால் அதுவும் இறங்கும்.

அதே தெருவில் இன்னொரு வீடு. நவம்பர் பிறந்துவிட்டால் அந்த வீட்டு அம்மாவுக்குத் தூக்கம் கிடையாது. வானத்தில் நிலா இருக்கிறது, ஒரு துளி மழை இல்லை. ஆனாலும் இரவு இரண்டு மணிக்கு எழுந்து, டார்ச் அடித்து, வாசல் கால்வாயைப் பார்த்துவிட்டு வருகிறார். டிவியில் "செம்பரம்பாக்கம் நீர்மட்டம்" என்று எழுத்து ஓடினால் சோறு தொண்டையில் இறங்குவதில்லை. அந்த நேரத்தில் அவர் வீட்டில் தண்ணீர் இல்லை. ஆனால் அவர் நெஞ்சுக்குள் 2015 இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இது பதற்றம்.

"அந்த அம்மாவின் பயத்திலும் நியாயம் இருக்கிறதே" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். 2023 டிசம்பர் 4-இல் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் எஸ்டேட் மறுபடியும் மூழ்கியது. ஆகவே பயத்துக்குக் காரணம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. வேறொன்றைப் பார்க்க வேண்டும். மழைக்காலம் வருமுன் பத்திரங்களை பிளாஸ்டிக் பையில் போட்டு மேலே வைக்கிறீர்கள், கால்வாய் அடைப்பை எடுக்கச் சொல்லி மாநகராட்சியில் புகார் கொடுக்கிறீர்கள். இது முன்ஜாக்கிரதை, மார்க்கம் கற்றுத்தரும் புத்திசாலித்தனம். செய்ய வேண்டியதைச் செய்து முடித்த பிறகு உள்ளம் அமைதியாகிறதா? ஆகிறது என்றால் அது பாரம்தான். செய்ய எதுவுமே மிச்சமில்லாதபோதும் உள்ளே மணி அடித்துக்கொண்டே இருக்கிறதா? அப்படியானால் அது வேறு.

உடம்பைப் பொறுத்தவரை மணி ஒன்றேதான். ஆபத்தைக் கண்டால் இதயம் வேகமாக அடிக்கிறது, கை வியர்க்கிறது, வயிறு கலங்குகிறது. ஓடுவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ நம்மைத் தயார் செய்ய அல்லாஹ் வைத்த ஏற்பாடு அது. தீ பிடித்தால் அடிக்க வேண்டிய மணி. தீயே இல்லாமல் அது அடித்துக்கொண்டிருந்தால், மணியைச் சரிபார்க்க வேண்டும். வீட்டுக்காரரைத் திட்டுவதில் அர்த்தமில்லை.

நம் முன்னோர்கள் இதைச் சொற்களாலேயே பிரித்து வைத்தார்கள். உள்ளத்தைத் தாக்கும் வேதனை கடந்து போனதைப் பற்றியது என்றால் ஹுஸ்ன், வரப்போவதைப் பற்றியது என்றால் ஹம்மு, இப்போது நடப்பதைப் பற்றியது என்றால் கஃம் என்று இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) விளக்குகிறார். நபி (ஸல்) அவர்கள் அதிகமாகக் கேட்ட ஒரு துஆவை அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரியில் இருக்கிறது, உங்களில் பலருக்கு மனப்பாடமாகவும் இருக்கும். அதில் நபியவர்கள் எதிலிருந்தெல்லாம் பாதுகாப்புத் தேடினார்கள் என்று நிதானமாகப் பாருங்கள். ஹம்மு, ஹுஸ்ன் என்று உள்ளத்துக்குள் இருப்பவற்றில் தொடங்குகிறது. இயலாமை, சோம்பல், கஞ்சத்தனம், கோழைத்தனம் என்று நடுவில் வருகிறது. கடனின் பளு, மனிதர்களின் அடக்குமுறை என்று வெளியே இருந்து நம் முதுகில் ஏற்றப்படும் சுமைகளில் முடிகிறது. உள்ளே இருப்பதையும் வெளியே இருப்பதையும் நபியவர்கள் ஒன்றாகக் கலந்து ஒரே பெயர் வைக்கவில்லை. தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கேட்டார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். கவலை என்பதே ஈமான் இல்லாதவனுக்கு மட்டும் வருவது என்றால், அல்லாஹ்வின் தூதர் ஏன் அதிலிருந்து அத்தனை முறை பாதுகாப்புத் தேட வேண்டும்?

இப்போது என் தவறைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் இஷாவுக்குப் பிறகு, எல்லோரும் போய்விட்டார்கள், ஒருவர் மட்டும் தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தார். நாற்பதைத் தாண்டியவர், லேத் பட்டறையில் வேலை. "ஹஜ்ரத், சம்பளம் வருது, பிள்ளைங்க நல்லா படிக்குது, வீட்ல சண்டை இல்ல. ஆனா ஃபஜ்ருலேர்ந்து ஏதோ நடக்கப் போற மாதிரியே இருக்கு. ரயில்ல ஏறுனா கை எல்லாம் வேர்த்துப் போகுது" என்றார். நான் விளக்கை அணைக்கும் அவசரத்தில் இருந்தேன். "ஈமான்ல எங்கேயோ குறை இருக்கும் பாய், திக்ரை அதிகப்படுத்துங்க" என்று சொல்லிவிட்டேன். தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த வாரத்திலிருந்து அவரைக் காணவில்லை. வேறு பள்ளிக்குப் போகிறார் போலும் என்று விட்டுவிட்டேன்.

பல மாதம் கழித்து அவருடைய தம்பி சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. நான் சொன்னபடி அவர் திக்ரை அதிகப்படுத்தியிருக்கிறார். திக்ர் செய்யும்போதும் நெஞ்சு படபடத்திருக்கிறது. உடனே "ஹஜ்ரத் சொன்னது சரிதான், அல்லாஹ் என்னைத் தள்ளிவிட்டான்" என்று முடிவு கட்டிவிட்டார். ஏற்கெனவே ஒரு பயத்தோடு வந்தவருக்கு நான் இரண்டாவது பயத்தைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அல்லாஹ்வின் நினைவால் உள்ளங்கள் அமைதி பெறும் என்பதில் நமக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஆறுதலை எடுத்து, பாதிக்கப்பட்டவரின் ஈமானை அளக்கும் அளவுகோலாக்க எனக்கு யார் உரிமை கொடுத்தார்கள்?

நான் செய்ததற்கு நேர்மாறான ஒரு சம்பவம் அபூதாவூதில் வருகிறது. அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் இருப்பதாக ஹதீஸ் கலை அறிஞர்கள் சொல்கிறார்கள், அதையும் சேர்த்தே சொல்கிறேன். தொழுகை நேரமல்லாத நேரத்தில் பள்ளியில் உட்கார்ந்திருந்த அபூ உமாமா என்ற அன்சாரித் தோழரை நபி (ஸல்) பார்க்கிறார்கள். ஏன் இந்த நேரத்தில் இங்கே என்று முதலில் கேட்கிறார்கள். கவலைகளும் கடன்களும் என்று அவர் சொல்கிறார். அதன் பிறகுதான் துஆவைக் கற்றுக்கொடுக்கிறார்கள். கேள்வி முதலில், துஆ பிறகு. நான் கேட்கவே இல்லை.

குர்ஆனில் சூரா தாஹாவுக்குப் போங்கள். ஃபிர்அவ்னிடம் போகும்படி மூஸா (அலை) அவர்களுக்குக் கட்டளை வருகிறது. அவர்கள் கேட்டவற்றை வரிசையாக எண்ணிப் பாருங்கள். தம் நெஞ்சம் விரிவாக வேண்டும் என்று கேட்டார்கள். இது உள்ளுக்கு. காரியம் இலேசாக வேண்டும் என்று கேட்டார்கள். இது வெளிச் சுமைக்கு. நாவின் முடிச்சு அவிழ வேண்டும் என்று கேட்டார்கள். சுமையில் பங்கெடுக்கத் தம் குடும்பத்திலிருந்தே ஓர் ஆள், சகோதரர் ஹாரூன், வேண்டும் என்று கேட்டார்கள். அல்லாஹ்வோடு நேரடியாகப் பேசிய நபி, "எனக்கு அல்லாஹ் போதும், ஆள் எதற்கு?" என்று சொல்லவில்லை. கேட்டது எல்லாமே கொடுக்கப்பட்டது. அதன் பிறகும் சகோதரர்கள் இருவரும், ஃபிர்அவ்ன் எங்கள் மேல் பாய்ந்துவிடுவானோ என்று பயப்படுகிறோம் என்று முறையிட்டார்கள். இன்னும் நடக்காத ஒன்றைப் பற்றிய பயம். நம் வீட்டுப் பெரியவர்களாக இருந்தால், "அல்லாஹ்வே சொல்லியாச்சு, இன்னும் என்ன பயம்?" என்று அதட்டியிருப்பார்கள். அல்லாஹ் அதட்டவில்லை. தான் கூடவே இருப்பதாகவும் கேட்டுக்கொண்டும் பார்த்துக்கொண்டும் இருப்பதாகவும் ஆறுதல் கொடுத்தான்.

சகோதரர்களே! பாரத்தின் விஷயத்தில் நாம் செய்யும் அநியாயம் வேறு மாதிரியானது. பாரத்தில் பெரும்பகுதி வானத்திலிருந்து விழுவதில்லை. யாரோ ஒருவர் இன்னொருவர் முதுகில் ஏற்றுவது. எஸ்டேட்டில் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்பவரைக் கேளுங்கள். பொருளை முடித்துக் கொடுத்து நான்கு மாதம் ஆகியும் பணம் வராது. நாட்டுச் சட்டமே, 2006-இன் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம், 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது என்கிறது. வசதியுள்ளவர் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்ற நபிமொழி அதற்கு எத்தனையோ நூற்றாண்டு முந்தியது. அந்த மனிதர் தன்னிடம் வேலை செய்யும் ஆறு பேருக்குச் சம்பளம் கொடுக்கத் தண்டல்காரரிடம் வாங்குகிறார். அவருடைய வீட்டுப் பெண் வாராவாரம் குழுக் கடன் கட்ட அக்கம்பக்கத்தில் கை நீட்டுகிறார். பணம் தர வேண்டியவர் முதல் ஸஃப்பில் உட்கார்ந்திருப்பார், பணம் வராதவர் கடைசி ஸஃப்பில். இவரிடம் போய் "பொறுமையா இருங்க" என்று சொல்வது மார்க்க உபதேசமாகத் தெரியலாம். உண்மையில் நாம் முதல் ஸஃப்பைப் பார்த்துப் பேசப் பயப்படுகிறோம். பெண் வீட்டாரிடம் சீர் கேட்டு வாங்கிவிட்டு, மணப்பெண்ணின் தகப்பனாருக்கு ரத்தக் கொதிப்பு குறைய துஆ செய்பவர்களும் இதே கணக்கில்தான் சேருவார்கள்.

ஆவடியில் இரண்டும் ஒரே வீட்டில் இருப்பதைப் பார்க்கலாம். 1961-இல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலை நம் மஹல்லாக்களில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது. 2021 அக்டோபர் 1-இல் நாட்டின் 41 பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலைகளை 7 நிறுவனங்களாகப் பிரித்தார்கள். ஊழியர்கள் புதிய நிறுவனத்தில் அயல்பணியில் இருப்பதாகக் கருதப்படுவார்கள் என்று அறிவித்தார்கள். முதலில் 2 ஆண்டு என்றார்கள், பிறகு நீட்டித்தார்கள். கொடுத்த இலக்கை இந்த மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது அங்கே வேலை செய்பவருக்குப் பாரம். ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால் அது கொஞ்சம் இறங்கும். "அடுத்து என்ன ஆவோம்? அரசு ஊழியராகவே இருப்போமா?" என்ற கேள்வி வீட்டுக்கும் கூடவே வருகிறது, பாயிலும் பக்கத்தில் படுக்கிறது. சம்பளம் தேதி தவறாமல் வருகிறது, ஆனாலும் தூக்கம் வருவதில்லை. சங்கத்தில் சேர்ந்து கேட்க வேண்டியதைக் கேட்பது ஒரு வேலை. அது பகலில் செய்ய வேண்டியது. இரவு இரண்டு மணிக்கு அதே கேள்வியை நூறாவது தடவை உருட்டுவதால் அரசாணை மாறாது. ஆனால் இதை அவரிடம் சொன்னால் மட்டும் உருட்டுவது நின்றுவிடும் என்று நினைப்பதும் அறியாமை. நிறுத்த முடியாமல் இருப்பதுதான் அவருடைய கஷ்டமே.

இப்படிப்பட்டவருக்கு என்ன வழி? கி.பி. 934-இல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கி என்ற அறிஞர், உடல்களுக்கும் உள்ளங்களுக்கும் நலம் தருபவை பற்றி ஒரு நூல் எழுதினார். கோபம், பயம், துக்கம், வஸ்வாஸ் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்துப் பேசினார். துக்கத்தையே இரண்டாகப் பிரித்தார். காரணம் தெரிந்த துக்கம் ஒன்று. காரணம் தெரியாமல் வருவது இன்னொன்று. பின்னதற்கு வேர் உடம்பில் இருக்கிறது, அதற்கு உடம்புக்கான மருந்தும் வேண்டும் என்றார். இன்னொரு யோசனையும் சொன்னார். திடீர் நோய்க்கு வீட்டில் மருந்து வாங்கி வைப்பது போல, மனம் நன்றாக இருக்கும் நாளிலேயே தெம்பு தரும் எண்ணங்களைச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும், படபடப்பு வந்த பிறகு தேடினால் கிடைக்காது என்று. ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒரு முஸ்லிம் அறிஞர் எழுதியதை நாம் மறந்துவிட்டு, "மன டாக்டரிடம் போவதா? ஊர் என்ன சொல்லும்?" என்கிறோம்.

ஊர் என்ன சொல்லும் என்று பயந்ததன் விலையை நம் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், மனநோயாளிகளைத் தங்க வைத்திருந்த ஒரு தனியார் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் கருகி இறந்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்ட பல குடும்பங்கள் கெட்டவர்கள் அல்ல. நோயை நோய் என்று சொல்ல வெட்கப்பட்டவர்கள். அல்லாஹ் நோயை இறக்கினால் மருந்தையும் இறக்கியிருக்கிறான் என்ற நபிமொழியை நாம் சர்க்கரைக்கும் முட்டிவலிக்கும் மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டோம்.

ஆகவே, சகோதரரே, சகோதரியே, உங்களுக்குச் சொல்கிறேன். கவலை பெரும்பாலான நாட்களில் விடாமல் தொடர்கிறது, தூக்கத்தையும் வேலையையும் கெடுக்கிறது, இது மாதக்கணக்கில் நீடிக்கிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். ஆறு மாதம் என்று அவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். நீங்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. தைராய்டு கூடினாலும் இதே படபடப்பு வரும், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். யாரிடமும் நேரில் பேச வெட்கமாக இருந்தால் 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். டெலி மானஸ் என்று மத்திய அரசு 2022-இல் தொடங்கிய இலவச மனநல உதவி அது. தமிழிலேயே பேசுவார்கள். மருந்தோடு துஆவும் இருக்கட்டும். ஒன்று இன்னொன்றுக்கு எதிரி இல்லை.

கூட இருப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. துக்க வீட்டுக்கும் நோயாளிக்கும் ஆயிஷா (ரலி) அவர்கள் தல்பீனா என்ற கஞ்சி செய்து கொடுக்கச் சொல்வார்கள். அது உள்ளத்துக்கு இதமளித்து, துக்கத்தில் கொஞ்சத்தைப் போக்கும் என்று நபி (ஸல்) சொல்லக் கேட்டதாக அறிவிக்கிறார்கள். கொஞ்சத்தை. முழுவதையும் என்று சொல்லவில்லை. நோன்புக் கஞ்சி காய்ச்சத் தெரிந்த ஊர் நம்முடையது. ஒரு தூக்குச் சட்டியில் கஞ்சியோடு போய், அறிவுரை எதுவும் சொல்லாமல் பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருக்க நம்மால் முடியாதா?

அந்த லேத் பட்டறை சகோதரரை நான் தேடிப் போய்ப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவருடைய தம்பி அதற்குள் அவரை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தார், மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அடுத்த மழைக்காலத்தில் ஒரு மாலை, மஃரிபுக்குக் குடையை மடக்கிக்கொண்டு நம் பள்ளிக்குள் வந்தார். "இப்ப எப்படி இருக்கீங்க பாய்?" என்று கேட்டேன். இந்த முறை பதிலுக்காக நின்றேன்.

"இப்பவும் அப்பப்ப வருது ஹஜ்ரத். ஆனா வந்தா, இது அதுதான்னு தெரியுது. அல்லாஹ் என்னை விட்டுட்டான்னு நினைக்கறதில்ல."

இகாமத் சொன்னார்கள். அவர் இரண்டாவது ஸஃப்பில் ஓரமாகப் போய் நின்றார்.

அல்லாஹ் அவருக்கும், இதைப் படித்துக்கொண்டே தன் நெஞ்சில் கை வைத்துப் பார்க்கும் ஒவ்வொருவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன்.